தேசிய அணியின் குதிரைக்கு நான் கொடுத்த தேத்தண்ணீர்

பலேர்மோவில் எங்கள் ஆட்கள் செய்கிற வேலைகளை ஒரு கை விரல்களில் எண்ணி முடித்துவிடலாம். வீடு துடைப்பது, வயதானவர்களைப் பார்ப்பது, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவது, துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குவது, தோட்டங்களில் பழம் பறிப்பது. குதிரை பார்க்கிற தமிழன் என்று இந்த நகரத்தில் ஒருவன் இருந்தால் அது நான்தான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் போனால் என் சுகத்தைக் கேட்பதற்கு முன்பே, "என்ன, குதிரை சுகமோ?" என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நான் குதிரை மாமா. பகிடிதான். ஆனால் அந்தப் பகிடி எனக்குப் பிடித்திருந்தது, உள்ளுக்குள் நன்றாகவே பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால், பிறகு நான் செய்ததற்கெல்லாம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அட்டையை மட்டும் சாட்டியதாகப் போய்விடும்.

வேலை கிடைத்ததே பாதிப் பொய்யில்தான். அப்போது நான் சியாகுல்லியில் மந்தரின் தோடம்பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன். கடைசித் தோட்டத்துக்கு அடுத்த வளவில் ஒரு சின்னக் குதிரை லாயம் இருந்தது. ஒருநாள் மழைக்கு அதன் தகரக் கூரையின் கீழ் ஒதுங்கினேன். லாயத்துச் சொந்தக்காரரான பெரியவர் எந்த நாடு என்று கேட்டார், சொன்னேன். அங்கே குதிரை உண்டா என்று கேட்டார். நான் நெடுந்தீவு. எங்கள் ஊரில் குதிரை தெருவில் நடந்து போகும் என்றேன். அது உண்மை. அவை கட்டாக்காலியாகத் திரிபவை என்பதையும், தோட்டத்துக்குள் வந்தால் நான் கல்லெடுத்து எறிவதையும் அவை நின்று முறைப்பதையும் தவிர எங்களுக்குள் வேறு பழக்கம் இல்லை என்பதையும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வா என்றார் பெரியவர். அவர் பெயரில் எழுதிய ஒப்பந்தத்தைக் காட்டித்தான் என் பெர்மெஸ்ஸோ ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கப்பட்டது. இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது போகப் போகத் தெரியும்.

பெரியவர் தன் இளமையில் இந்த நாட்டின் அணிக்காகக் குதிரையில் தடை தாண்டியவர். அலுவலக அறைச் சுவரில் நான்கு பேர் குதிரைமேல் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தொங்கியது. அதில் இடமிருந்து இரண்டாவது அவர். மனைவி இறந்த பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே மகளும் இந்த லாயமும். மகளை நான் சிஞ்ஞோரா என்பேன். முப்பத்தைந்து வயதிருக்கும், தகப்பன் வீட்டில் இல்லாமல் தனியே குடியிருந்தார். பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் குதிரை ஓடக் கற்றுக்கொடுப்பார், விடியற்காலையில் தன் செந்நிறப் பெண்குதிரையோடு தடை தாண்டிப் பழகுவார். அந்தக் குதிரையை மூன்று பேர் வாங்கி மூன்று பேரும் கடி தாங்காமல் விற்றிருந்தார்கள். சிஞ்ஞோரா அதோடு ஆறு வருடம் மல்லுக்கட்டினார். தகப்பனும் மகளும் குதிரையின் பேரில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சண்டை பிடிப்பார்கள். கடிவாளத்தை இறுக்கிவிட்டாய் என்பார் அவர், உங்கள் காலம் போய்விட்டது என்பார் இவர். பிறகு இருவரும் அலுவலக அறையில் ஒன்றாக இருந்து கோப்பி குடிப்பார்கள்.

நாடுகளுக்கிடையிலான போட்டி எப்படி நடக்கும் என்பதை நான் பெரியவரிடம்தான் படித்தேன். ஒரு நாட்டுக்கு நான்கு பேர். எல்லோரும் ஒரே பாதையில் ஓட வேண்டும். தடையில் வைத்த ஒரு தடி விழுந்தால் நான்கு புள்ளி தண்டம். நால்வரில் மோசமாக ஓடியவரின் கணக்கைத் தள்ளிவிட்டு மற்ற மூவரின் தண்டத்தைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த நாட்டுக்குக் குறைவோ அந்த நாடு வெல்லும். தனியாளாக எத்தனை கிண்ணம் வாங்கினாலும், கொடி தைத்த கோட்டோடு அந்த நால்வரில் ஒருவராக மைதானத்துக்குள் நுழைவதுதான் பெரிது என்பார். "தனியே விழுந்தால் அது உன்னோடு போய்விடும். அணியில் நீ விழுந்தால் மற்ற மூவரும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்," என்பார். மகள் ஒருநாள் அந்த நால்வரில் ஒருவராக வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்தப் படத்தின் கண்ணாடியை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரே துடைப்பார். என்னைத் துடைக்க விடமாட்டார்.

அந்த வருடம் அணிக்கு நல்ல காலம். வசந்தத்தில் இரண்டு நாடுகளுக்குப் போய் இரண்டிலும் வென்று வந்திருந்தார்கள். மூன்றாவது போட்டிக்கு முன்பு அணியில் ஒரு குதிரை நொண்டத் தொடங்கியது. அணிப் பொறுப்பாளர் சிஞ்ஞோராவைப் போனில் கூப்பிட்டார். போனை வைத்துவிட்டுச் சிஞ்ஞோரா லாயத்தின் நடுவில் நின்று தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார், நெடுநேரம் கழுவினார். குதிரையோடு பராமரிப்பாளனாக நானும் போவதாக ஏற்பாடு. என் படம் ஒட்டிய அட்டை ஒன்று தபாலில் வந்தது. கொடி தைத்த வெள்ளைச் சேணத்துணியும் வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நானே கையால் தோய்த்து, மடிப்பில்லாமல் ஸ்திரிக்கை போட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து நின்றபோது, "எங்கட ரீம் இந்த முறையும் வெல்லும்," என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அண்ணர் சிரித்தார்.

"உங்கட ரீமோ? குவெஸ்தூராவிலை இன்னும் லைனிலை நிக்கிற ஆள், இத்தாலிக்காரனாகிட்டியோ?"

குவெஸ்தூரா என்பது பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற பொலிஸ் அலுவலகம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வாய்தவறி வந்த சொல்லில்லை அது. இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். உதைபந்தாட்டத்தில் இத்தாலி வென்றால் ஊரோடு சேர்ந்து கத்துவேன், அவ்வளவுதான். இந்தக் குதிரையின் குளம்பை நான் சுரண்டியிருக்கிறேன், அதன் காலைக் கையால் நீவிவிட்டிருக்கிறேன். அது தாண்டினால் நானும் கொஞ்சம் தாண்டின மாதிரித்தான் என்று உண்மையாகவே நினைத்தேன்.

இனித் தேத்தண்ணீர்க் கதைக்கு வருகிறேன். என் மனைவி காலையில் ஒரு போத்தல் தேத்தண்ணீர் ஊற்றித் தருவாள். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஆட்களின் கடையில் வாங்கிய ஊர்த் தேயிலை, சாயம் கறுக்கக் கறுக்க, சீனியும் இஞ்சியும் போட்டது. நாலு மணிக்கு அந்தப் பெண்குதிரையின் அறைக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்து, பாணைப் பிய்த்துத் தோய்த்துத் தின்பேன். குதிரை தலையை வெளியே நீட்டிப் பார்க்கும். எங்கள் வீடுகளில் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க மற்றவர் தனியே தின்னமாட்டார். நாய் பார்த்தாலும் ஒரு துண்டு போடுவோம். கொடாமல் தின்றால் கண்பட்டு வயிற்றுக்குள் குத்தும். முதல் நாள் நான் திரும்பி இருந்து தின்றேன். முதுகிலும் அதன் பார்வை இருந்தது. இரண்டாம் நாள் ஒரு துண்டுப் பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்து நீட்டினேன். யாரையும் கடிக்கிற குதிரை உதட்டால் மெதுவாக எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு என்னைக் கடிக்கவே இல்லை. நாளாக நாளாகப் பாதிப் போத்தலை அதன் தவிட்டிலேயே ஊற்றத் தொடங்கினேன். மறைத்துச் செய்யவில்லை. நாலு மணிக்குச் சிஞ்ஞோரா மைதானத்தில் பிள்ளைகளோடு இருப்பார், பெரியவர் காரில் தன் வீட்டுக்குப் போய்ச் சற்றுப் படுத்திருப்பார். பார்க்க அங்கே ஆள் இல்லை, சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

போட்டிக்கு முன்பு அணியின் மிருக வைத்தியர் வந்து குதிரையிடம் இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் போனார். வெளிநாட்டுக்குப் போகும் முன் நாங்களே பார்த்துவிடுவது நல்லது என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பொறுப்பாளரின் போன் வந்தது. குதிரையின் உடம்பில் கஃபெயின் இருக்கிறது. போட்டிக் குதிரையில் அது இருக்கவே கூடாது. அவர் கத்தவில்லையாம். எப்படி வந்ததென்று வியாழன் மதியத்துக்குள் சொல்லு, காரணம் தெரிந்தால் இன்னொரு முறை பரிசோதித்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போகிறேன், காரணம் தெரியாத குதிரையைக் கொடியின் கீழ் ஓட விடமாட்டேன் என்றாராம். குதிரை லொறி வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் நாப்போலிக் கப்பலில் ஏற வேண்டும்.

சிஞ்ஞோரா என்னிடம் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நீ இவளுக்கு எப்போதாவது கோப்பி கொடுத்தாயா?"

"இல்லை, சிஞ்ஞோரா. நான் கோப்பியே குடிப்பதில்லை."

"சத்தியமாக?"

"மாதா மேல் சத்தியம்."

அந்தச் சத்தியம் அந்த நேரத்தில் உண்மை. அந்த வாரத்தில் நான் சொன்ன கடைசி உண்மை அதுதான்.

பின்னேரம் வீட்டில் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். யாரோ கோப்பி கொடுத்துக் கெடுத்துப்போட்டார்கள் என்று கோபமாகவே சொன்னேன். என் மகளுக்குப் பதினைந்து வயது, இங்கே பிறந்தவள். சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"கஃபெயினா தேத்தண்ணியிலையும் இருக்கு அப்பா. பள்ளிக்கூடத்திலை ஷியென்சே பாடத்திலை படிச்சனாங்கள்."

"தேத்தண்ணியிலையோ?"

"ஓம். கறுப்புத் தேத்தண்ணியிலை கனக்க இருக்கு."

நான் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் இருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு நான் குதிரையோடு தேத்தண்ணீர் பங்கிடுவது தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித்தானே வீட்டில் பகிடி விட்டிருந்தேன். மகளை உள்ளே போய்ப் படி என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சேருங்கோ, வாயைத் திறக்காதேங்கோ."

"நாளைக்குச் சொன்னா சிஞ்ஞோரா போகலாம். காரணம் தெரிஞ்சா கூட்டிக்கொண்டு போவம் எண்டு சொல்லியிருக்கினம்."

"கிழவர் உங்களை நிப்பாட்டினா? அடுத்த மாசம் அட்டை புதுப்பிக்கக் குவெஸ்தூராவிலை அப்புந்தமெந்தோ கிடக்கு. ஒப்பந்தம் இல்லாமல் என்னத்தைக் கொண்டு போறது? பிள்ளையின்ரை படிப்பு என்ன ஆகும்? பெர்மெஸ்ஸோ கையிலை வரட்டும், பிறகு சொல்லுங்கோ."

அவள் பயந்தது நியாயம். அவள் மேல் பழி போட எனக்கு வாய் இல்லை. ஏனென்றால் அவள் சொன்னது எனக்கு உடனே இனித்தது. எனக்கு இருந்த பயம் வேறு. குதிரை தெரிந்தவன் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தவன், குதிரை மாமா, தேசிய அணியின் குதிரைக்குத் தவிட்டில் தேத்தண்ணீர் ஊற்றிய மடையன் என்று ஊர் சிரிக்குமே என்பதுதான் அது. பெர்மெஸ்ஸோ எனக்கு நல்ல சாட்டாக வந்து வாய்த்தது.

புதன்கிழமை நான் போத்தல் கொண்டுபோகவில்லை. நாலு மணிக்குக் குதிரை தலையை நீட்டிப் பார்த்தது. நான் வரவில்லை என்றதும் முன்னங்காலால் கதவை இடித்தது. இடித்துக்கொண்டே இருந்தது. சிஞ்ஞோரா ஓடிவந்து, இவளுக்கு என்ன என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். வாயில்லாத ஒரு சீவன் எனக்கு எதிராகச் சாட்சி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்று, தெரியவில்லை என்றேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு என் மனம் ஒரு நிலைக்கு வந்தது. சொல்ல வேண்டிய இத்தாலிய வசனங்களை மண்வாரியோடு நின்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். அலுவலக அறை வாசல்வரை போனேன். உள்ளே தகப்பனும் மகளும் சண்டை. வழக்கமான சண்டை இல்லை, இருவரும் குரலை உயர்த்தவில்லை.

"அந்தக் காலத்தில் சந்தைப் பந்தயத்துக்கு முன்பு குதிரைக்குக் கோப்பி கொடுப்பார்கள் என்று எத்தனை தடவை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள்?" என்றார் சிஞ்ஞோரா.

"அணியில் இந்த இடத்துக்காக நீ எதையும் செய்வாய் என்று நீதானே சொன்னாய்," என்றார் பெரியவர்.

நான் திரும்பி நடந்தேன். சண்டைக்குள் மூக்கை நுழைப்பது மரியாதை இல்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சண்டையை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் நான்தான். ஒரு வசனம் போதும். தேத்தண்ணீர் என்ற ஒரு சொல்லே போதும். மதிய மணி அடித்தபோது நான் சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா அலுவலக அறையில் போனில் "தெரியவில்லை" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவர் சொன்ன தெரியவில்லை உண்மையானது.

அடுத்த நாளிலிருந்து பெரியவரின் கார் வரவில்லை. அணியின் பெயர்ப் பட்டியலில் மாற்றம் என்று மட்டும் அறிவித்தார்கள், காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? கோப்பிக் கடையில் குதிரைக்காரர்கள், அவள் எதையோ ஊசி போட்டுப் பிடிபட்டுவிட்டாள் என்று கதைத்தார்கள். நான் நிற்பது தெரிந்தும் கதைத்தார்கள். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். சிஞ்ஞோரா ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. கொடி தைத்த சேணத்துணியைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பச் சொல்லி என்னிடம் தந்தார். "அழகாக ஸ்திரி போட்டிருந்தாய், நன்றி," என்றார். திட்டியிருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

போட்டி நடந்த ஞாயிறு, பூசைக்குப் போகாமல் விட்டால் கேள்வி வரும் என்று போனேன். ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடம் குதிரைக்குக் கால் நோ என்றேன். எங்கள் சனம் நல்ல சனம். மன்றாட்டு வாசித்த அக்கா, எழுதி வைத்திருந்த நான்கு மன்றாட்டுகளும் முடிந்த பிறகு தானாக ஒன்றைச் சேர்த்தார்.

"எங்கட சகோதரர் பராமரிக்கிற, கால் சுகமில்லாத அந்தக் குதிரைக்காகவும், போட்டிக்குப் போன மற்றக் குதிரைகளுக்காகவும் ஆண்டவரை மன்றாடுவோம்."

கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது. என் மகளும் சொன்னாள், என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டேன். பொய்யோடு நன்மை அப்பம் வாங்க மனம் வராமல் நான் எழும்பவில்லை. முழங்கால் நோகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் அடுத்த பொய்யைச் சொன்னேன்.

பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் யாரோ போட்டியைப் பெரிய திரையில் போட்டார்கள். அணி அன்று அருமையாக ஓடியது. முதல் ஆள் ஒரு தடியும் விழுத்தவில்லை. இரண்டாமவர் ஒன்று. சிஞ்ஞோராவுக்குப் பதிலாகப் போன இளைஞன் மூன்றாவதாக வந்தான். அவனுடைய சாம்பல் குதிரை எல்லாத் தடையையும் அலுங்காமல் தாண்டியது. நான்காமவர் ஓட வேண்டிய தேவையே இல்லாமல் இத்தாலி வென்றுவிட்டது. மண்டபத்தில் கை தட்டினார்கள், சின்னப் பிள்ளைகள் வாங்கில் ஏறிக் குதித்தார்கள். அந்த அண்ணர் வந்து என் தோளில் தட்டினார்.

"உங்கட ரீம் வெண்டிட்டுது! பிறகென்ன முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறாய்?"

திரையில் நான்கு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். கொடி ஏறியது, நாட்டுப்பண் வாசித்தார்கள். ஒரு விஷயத்தை வெட்கத்தோடு எழுத வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது. சிஞ்ஞோரா இல்லாமலே வென்றுவிட்டார்களே, அப்படியென்றால் நான் பெரிதாக ஒன்றும் கெடுக்கவில்லையே என்று நினைத்தேன். சாம்பல் குதிரையின் இடத்தில் செந்நிறக் குதிரை நின்றிருக்க வேண்டும் என்பதை அந்த நினைப்பு வசதியாக மறைத்துவிட்டது. அணி வென்றது அணியின் வெற்றி. அவரிடமிருந்து போனது போனதுதான்.

அதற்குப் பிறகு நாட்கள் போயின. பெரியவர் வரவில்லை. ஒருமுறை, அவருக்குச் சுகமில்லையா என்று கேட்டேன். "நன்றாக இருக்கிறார்," என்று சொல்லிவிட்டுச் சிஞ்ஞோரா வேறு பக்கம் போனார். சனிக்கிழமைகளில் துடைக்க ஆளில்லாமல் அந்தப் படத்தின் கண்ணாடியில் தூசி படிந்தது. வயதானவர் மகளின் இடம் போன கவலையில் வீட்டோடு கிடக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சுகமாக இருந்தது.

குவெஸ்தூராவில் விரல் பதித்தேன். பெரியவர் முன்பே கையெழுத்திட்டு வைத்திருந்த ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். சில கிழமைகளில் புது அட்டை கைக்கு வந்தது. மனைவி பாயாசம் காய்ச்சினாள். நான் ஒரு கரண்டி குடித்துவிட்டு, நாளைக்குச் சொல்லப் போகிறேன் என்றேன்.

"இனி என்னத்தைச் சொல்லுறது? முடிஞ்ச கதை. போட்டியும் முடிஞ்சுது, அவையும் வெண்டிட்டினம். சும்மா கிடக்கிற புண்ணைக் கிளறாதேங்கோ."

"பெர்மெஸ்ஸோ வந்தாப் பிறகு சொல்லுங்கோ எண்டு நீர்தானே சொன்னனீர்?"

என் குரல் எனக்கே தெரியாத அளவுக்கு உயர்ந்துவிட்டது. அவள் பாயாசப் பானையை மூடினாள். கோபப்பட எனக்கு என்ன உரிமை? கடந்த சில நாட்களாக என் மனம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவள் வாயால் சொன்னாள். மகள் அறைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சொல்லுவீங்களோ, அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லுவன்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம், சிஞ்ஞோரா குதிரைக்குச் சேணம் கழற்றிக்கொண்டிருக்கும்போது போனேன். தொப்பியைக் கழற்றினேன். பாடமாக்கி வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. கோப்பி இல்லை, தேத்தண்ணீர், நான்தான், ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு, தவிட்டில் ஊற்றினேன் என்று துண்டு துண்டாகச் சொன்னேன். அவர் சேணத்தைப் பிடித்தபடி கேட்டார். தேத்தண்ணீர்தான் காரணம் என்று உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார்.

போன கிழமைதான் தெரியும் என்று சொல்ல ஒரு வசனம் தயாராக வைத்திருந்தேன். கடைசி நிமிடம்வரை அதை நாக்கு நுனியில் வைத்திருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரமே தெரியும்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். செவ்வாய், புதன், வியாழன் என்று மனதுக்குள் எண்ணுவது முகத்தில் தெரிந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். வெளியே போ என்று சொல்வார் என்று நினைத்தேன், அதற்கும் ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். அவர் சேணத்தை நிலத்தில் வைத்தார். அவர் ஒருநாளும் சேணத்தை நிலத்தில் வைப்பதில்லை. போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார். மணி போகத் தொடங்கியதும் போனை என்னிடம் நீட்டினார்.

"என்னால் கதைக்க முடியாது. ஏழு கிழமையாக நான் அவரோடு கதைக்கவில்லை. நீ சொல்லு."

"ப்ரொந்தோ," என்றார் பெரியவர்.

நான் யார் என்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவருக்கு ஒரு காது மந்தம், அப்படியானவர்கள் போனில் கத்துவது போலக் கத்தித்தான் கேட்டார், பக்கத்தில் நின்ற சிஞ்ஞோராவுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அப்படியென்றால் என் மகள் கொடுக்கவில்லையா?"

சிஞ்ஞோரா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "நான் அவர் என்று நினைத்தேன்," என்றார். எனக்குச் சொல்லவில்லை, தகப்பனுக்கும் சொல்லவில்லை. "இவ்வளவு நாளும் அவர் என்றே நினைத்தேன்."

அணியில் இடம் போனது மட்டும்தான் நான் செய்த கேடு, அலுவலக அறைச் சண்டை அன்றோடு ஆறியிருக்கும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு கிழமையாக ஒரு தகப்பன், தன் மகள் கள்ளம் செய்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டு ஒரு வீட்டில் தனியே இருந்திருக்கிறார். மகள் அதையே தகப்பனைப் பற்றி நம்பிக்கொண்டு இங்கே இருந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெளியாருக்குக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் இருவருக்கும் நடுவில் சாணம் அள்ளிக்கொண்டு, காலையில் வணக்கம் சொல்லிக்கொண்டு, புது அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறேன்.

"சொல்லு, அவள் இல்லைத்தானே?" என்று மறுபடியும் கேட்டார் பெரியவர். அழுகிறார் என்று குரலில் தெரிந்தது.

"அவர் இல்லை. நான்," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லு என்றார். பாடம் கேட்க வந்த இரண்டு பிள்ளைகள் தங்கள் தாய்மாரோடு வாசலில் நின்றார்கள். லாயம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன்.